அவர் பெயரில் வந்த நிவாரணம்

சுதந்திர தினத்தன்று கிராம சபைக்கு நான் போனது தண்ணீர்க் குழாய்க்காகத்தான். எங்கள் வளவுக்கு வரும் குழாய் ஆடி மழையில் பெயர்ந்து, பத்து வீட்டுப் பெண்களும் ஓடையில் இறங்கித் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தோம். மனு எழுதத் தெரிந்தவள் என்று என்னை முன்னால் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸுக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. தார்ப்பாயில் ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள்.

குழாய்ப் பேச்சு வருவதற்கு முன்னால் தோட்டக்கலை அதிகாரி எழுந்தார். தெற்கத்திப் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்த பெண். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட சங்கிலி. இந்த ஊர்க் குளிர் அவருக்குச் சேரவில்லை, எப்போதும் சால்வையோடுதான் இருப்பார். முதல் ஊரடங்கில் விளைந்ததை விற்க முடியாமல் நஷ்டப்பட்டவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்திருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தது என்பதை ஊரறிய வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது, வாசித்த பிறகு சுவரிலும் ஒட்டுவோம், யாருக்கு என்ன கேள்வி இருந்தாலும் கேட்கலாம் என்று சொன்னார். பெயர் வாசிக்கப்படுகிறவர்கள் பணம் வந்ததா இல்லையா என்று எழுந்து சொல்ல வேண்டும்.

வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எழுந்து, "வந்துச்சுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்கள். சிலர் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்கள், யார் முகம் எப்படி மாறுகிறது என்று. நான் மனுவில் விட்டுப்போன ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் பெயரை வாசித்தார்.

மைக்கில் அவர் பெயர், அவர் அப்பாவின் முதலெழுத்தோடு, கொஞ்சம் தெற்கத்தி இழுப்போடு கேட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று மட்டும் தோன்றியது. ஆண்கள் பக்கம் திரும்பினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி மறுபடியும் வாசித்தார். "வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

"பணம் வரலையாம்மா?"

"ஆளு இல்லீங்க."

அவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த வார்டு உறுப்பினர் குனிந்து அவர் காதில் சொன்னார். கையிலிருந்த பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. அந்தப் பெயருக்கு நேராக என்ன குறிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மன்னிச்சிருங்கம்மா என்று மைக்கிலேயே சொன்னார். பரவாயில்லீங்க என்று நான் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் அன்னாசி, இந்தப் பக்கம் எங்கள் பலாவும் மிளகும்.

"செத்தவருக்கு வந்திருக்குது. உசுரோட இருக்கறவனுக்கு வரலீங்களே" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதிகாரியைப் பார்த்துக் கேட்ட கேள்விதான். சொன்ன உடனே அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்தில் எனக்குப் பின்னால்தான் இருந்தாள். அவள் முழங்கால் என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது, அதை மெதுவாக நகர்த்திக்கொண்டாள். அதிகாரி அவரிடம், ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்கள், நேரில் வந்து விசாரிக்கிறேன் என்றார். பிறகு மீதிப் பெயர்களை வாசித்தார். அதற்குப் பின்னால் குழாயைப் பற்றி நான் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். அந்த வாரமே ஆள் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனார்கள்.

முதல் ஊரடங்கு வந்தது பலா சீசனில். எப்போதும் கீழேயிருந்து வியாபாரிகள் லாரியோடு வருவார்கள். அந்த வருஷம் அடிவாரத்திலேயே வண்டிகளைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். சோளக்காடு ஊரில் சந்தை இல்லை, பஸ் இல்லை. பழம் மரத்திலேயே பழுத்து விழுந்தது. தின்றோம், மாட்டுக்குப் போட்டோம், கொட்டையை மட்டும் எடுத்துக் காயவைத்தோம். அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. காடு முழுக்கப் பழவாசம், அதன் மேல் ஈ.

கொஞ்ச நாளில் ஆபீஸிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து நஷ்டக் கணக்கு எடுத்தார். அழுகிய பலாக் குவியலுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரை நிறுத்திப் போட்டோ எடுத்தார். முகக்கவசத்தை இறக்கச் சொன்னார். இவர் இறக்கியதும் அந்த நாற்றத்தில் முகத்தைச் சுளித்தார். போட்டோ அப்படியே விழுந்தது. எங்களை முடித்து அடுத்த காட்டுக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு வருகிறேன் என்று போனார். மறுநாள் அந்தப் பக்கம் யாருக்கோ காய்ச்சல் என்று வழியை அடைத்தார்கள். அவர் வரவே இல்லை. அடுத்த காட்டு அன்னாசியை யாரும் எழுதவில்லை. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மழை பெய்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு மூன்றாம் நாள் விட்டது. அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. அவர் தானாகவே நடந்து போய் ஏறினார். மஞ்சப்பையில் ஒரு துண்டு, ஒரு லுங்கி, போன், சார்ஜர். ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, "மோட்டார மத்தியானம் போடு. காலையில கரண்ட் நிக்காது" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

சில நாள் போனில் பேசினார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ராசிபுரம் பக்கம், அவருக்கும் மிளகு உண்டாம் என்றார். பிறகு போன் எடுக்கவில்லை. பிறகு என் கொழுந்தனாருக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போனார். மயானத்தில் கம்பிவேலிக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். பையில் சுற்றியிருந்ததால் முகம் பார்க்க முடியவில்லை, உயரத்தை வைத்துத்தான் அண்ணன் என்று தெரிந்தது என்று பிற்பாடு ஒரு நாள் சொன்னார். திரும்பி வரும்போது ஒரு சான்றிதழ் கொண்டு வந்தார். மஞ்சப்பை வரவில்லை. அங்கே கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை என்றார். நானும் கேட்கவில்லை.

எங்கள் வழியை மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். ஊரார் அரிசியும் காயும் கொண்டு வந்து மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, தூரத்தில் நின்று, "வச்சிருக்கறனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரும் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அழ வரக் கூடாது என்று உத்தரவு. எங்கள் ஒரே மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. போனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பைக் காட்டினேன், மாட்டைக் காட்டினேன். தாலியைக் கழற்றச் சடங்கு செய்ய ஆள் இல்லை. ஒரு நாள் குளிக்கும்போது நானே கழற்றி அலமாரியில் வைத்தேன். அதே தட்டில் கொழுந்தனார் கொண்டு வந்த சான்றிதழும் பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

மூங்கிலை அவிழ்த்தபோது துக்கம் விசாரிக்கிற நாள் கடந்திருந்தது. எதிரில் பார்த்தவர்கள் மிளகு எப்படி என்று கேட்டார்கள். காரமாக இருக்கிறது, வண்டு இல்லை என்றேன். எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மிளகு பறித்தேன், காயவைத்தேன், விற்றேன். மத்தியானம் மோட்டார் போட்டேன். எந்த ஆபீஸுக்கும் போய் அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. அவர் பெயரில் நிவாரணம் வந்து வங்கியில் விழுந்ததும் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. பணம் வந்தால் வரும் குறுஞ்செய்தி அவருடைய போனுக்குத்தான் போயிருக்கும். அந்தப் போன் எங்கே இருக்கிறதோ.

கிராம சபை முடிந்த அன்று மத்தியானமே பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். யாரோ அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா பேரு போட்டிருக்குது."

"ஆமா சாமி. வாசிச்சாங்க."

அப்பா பெயரை எங்கேயாவது அச்சில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றாள். தன் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாளாம். பிறகு, அந்தப் பணத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. அந்த வருஷம் முழுக்க நான் சாப்பிட்டதும் சாப்பிடாததும் எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் சொந்தத்தில் ஒரு பெரியப்பா முறை. உட்கார்ந்தார், டீ குடித்தார், எந்த வங்கிக்கு வந்தது, யாரிடம் மனு கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னார். அடுத்து மூன்று பெண்கள் சேர்ந்து வந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அழுகிற அதே அழுகை. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நான் நடுவில் நின்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்கிவிடுமோ என்பதுதான் என் நினைப்பு. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களில் ஒருத்தி, தன் வீட்டுக்காரர் பெயர் ஏன் பட்டியலில் வரவில்லை என்று எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அவள் கேட்டது தப்பாகவும் படவில்லை.

அந்த வாரம் முழுக்க வந்தார்கள். மலையிலேயே தள்ளியிருக்கிற பைல் நாட்டிலிருந்துகூட ஒரு குடும்பம் பஸ் பிடித்து வந்தது. யார் பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறார்கள், யார் அவருக்காக வருகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டுக்குள் நுழைய ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தவர்களுக்குச் சுவரில் ஒட்டிய தாள் ஒரு காரணம் கொடுத்துவிட்டது. எல்லோருக்கும் டீ போட்டேன். சர்க்கரை தீர்ந்துபோய் மறுபடியும் வாங்கினேன்.

வராதவர்கள் அடுத்த காட்டுக்காரரும் அவர் மனைவியும்தான். வரப்பில் எதிரே பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பி அன்னாசிக்குள் போய்விடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று கொழுந்தனார் எதிர்பார்த்தார். ஊர் நடுவில் அண்ணனைச் செத்தவர் என்று சொல்லிவிட்டான் என்றார். செத்துத்தானே போனார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அண்ணி, நீங்க ஒருக்கா அழுதுட்டா நல்லதுங்க" என்றார்.

வந்தால் அழுகிறேன் என்றேன். வேண்டுமென்று அடக்கவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்கத் தெரியவில்லை.

ஒரு நாள் சோளக்காடு போய் வங்கியில் பாஸ்புக்கைக் கொடுத்தேன். பஸ் நிறைய ஆட்கள், கூடைகள். கவுன்டரில் இருந்தவர் மிஷினில் வைத்தார். மிஷின் சத்தத்தோடு வரிவரியாக அச்சடித்துத் தள்ளியது. அவர் இறந்த பிறகு வந்த வரிகள். வட்டி விழுந்திருந்தது, சிலிண்டர் மானியம் விழுந்திருந்தது, கடைசியில் நிவாரணமும். எடுத்தது ஒன்றும் இல்லை, எல்லாம் வந்ததுதான். கணக்கில் அவர் நன்றாகவே இருந்தார். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சம்சாரம் என்றேன். அவர் வரவில்லையா என்றார். சான்றிதழை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கவரைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினேன். அவர் பிரித்துப் படித்துவிட்டு, எழுந்து நின்று, உட்காருங்கம்மா என்றார். கணக்கை நிறுத்தி வைப்பதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. வழியில் ஏறிய யாரோ பலாக்கொட்டைச் சாக்கை என் காலடியில் வைத்தார்கள். வீடு வரைக்கும் கால் மரத்துப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

புரட்டாசி தொடக்கத்தில் அதிகாரி வந்தார். ஜீப்பைச் சாலையில் நிறுத்திவிட்டுச் செருப்பெல்லாம் சேறாக நடந்து வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சபையில் நடந்ததற்கு மறுபடியும் வருத்தம் சொன்னார். தன் மாமாவும் அந்த அலையில்தான் போனார், ஊருக்குப் போக முடியவில்லை என்று சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நஷ்டம் நடந்தபோது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்ததால் குடும்பத்துக்கே கொடுக்கலாம் என்று தான் எழுதிப் பார்த்ததாகவும், பணம் அனுப்பிய தேதியில் ஆள் இல்லாததால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மேலிருந்து பதில் வந்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்.

"எடுத்துக்கட்டுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு உரிமை இருக்கு."

"யோசிக்க ஒண்ணுமில்லீங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, இன்னொரு வேலையும் இருக்கிறது என்றார். அடுத்த காட்டுக்காரர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு எதிராக அல்ல, தன் பெயரைச் சேர்க்கச் சொல்லித்தான். அந்த ஊரடங்கில் அவர் காட்டில் அன்னாசி இருந்ததா, அழுகியதா என்பதற்கு இப்போது ஒரு போட்டோவும் இல்லை. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர் சாட்சி சொன்னால் சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம். அந்தக் காட்டுக்கு அக்கம்பக்கம் என்றால் ஒரு புறம் வனத்துறை நிலம், இன்னொரு புறம் நாங்கள். "நீங்க சொல்ல விருப்பமில்லேன்னா நான் வற்புறுத்தல" என்றார்.

வாங்க போலாம் என்று கூட நடந்தேன்.

அடுத்த காட்டுக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி, செடிகளுக்கு நடுவில் நின்றாள். அதிகாரி பேப்பரை எடுத்து, ஊரடங்கின்போது இந்த நிலத்தில் என்ன பயிர் இருந்தது, என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றார்.

அன்னாசி இருந்தது, எல்லாம் வீணாகிப் போயிற்று என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்படி முடியவில்லை. அன்னாசி பழுத்த வாரத்தில் என் வீட்டுக்காரரும் இவரும் சேர்ந்து கூடை கூடையாகச் சாலைக்குச் சுமந்ததைச் சொன்னேன். ஏதாவது காய்கறி லாரி போனால் கெஞ்சியாவது ஏற்றிவிடலாம் என்று இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். லாரி வரவில்லை, போலீஸ்தான் வந்தது. ஊரடங்கில் இங்கே என்ன வேலை என்று போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் பேசாமல் ஒரு பழத்தைச் சீவி, மடியில் வைத்திருந்த உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவரிடம் நீட்டினார். போலீஸ்காரர் வாங்கிக்கொண்டு, முகக்கவசத்தை இறக்கி, நின்ற இடத்திலேயே முழுப் பழத்தையும் தின்றார். தின்றுவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். இதை வீட்டில் வந்து என் வீட்டுக்காரர் நடித்துக் காட்டினார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ்காரர் பழம் தின்றதை அப்படியே காட்டினார்.

சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி எழுதுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. மீதிப் பழத்தைத் திரும்பச் சுமந்து வந்ததையும், அப்படியே போட்டால் வாசத்துக்குக் கரடி வரும் என்று காட்டோரத்தில் குழி வெட்டிப் புதைத்ததையும் சொன்னேன். அவர் இறந்ததிலிருந்து அவரைப் பற்றி நான் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஆனால் நிற்கவில்லை.

"எந்த இடத்துல குழி?" என்று அதிகாரி கேட்டார்.

நான் கையைக் காட்டுவதற்கு முன்னால் அடுத்த காட்டுக்காரர் பேசினார்.

"அந்த வேங்கை மரத்துக்குக் கீழங்க. குழி வெட்டுனது அவருதானுங்க. எனக்கு அன்னிக்கு மம்பட்டி புடிக்கக் கை வரல. நீ உக்காரு மாப்ளேன்னு சொல்லிப்போட்டு அவரே வெட்டுனாரு. இத்தன இனிப்பயும் மண்ணு திங்குது பாருன்னாரு."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் மனைவி செடிகளுக்குள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். வரோணும்னுதான் இருந்துச்சு அக்கா, மொதல்ல மூங்கிலு கட்டியிருந்தாங்க, அப்பறம் எப்படி வர்றதுன்னே தெரியல, இப்ப இவரு வேற அப்படிப் பேசிப்போட்டாரு என்று என் காதோரம் சொன்னாள். அவள் கையில் அன்னாசி முள் கிழித்த கோடுகள் சிவந்திருந்தன.

நான் அழவில்லை. அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண் குவித்து மூடிய அந்த இடம் இப்போது புல் முளைத்துச் சுற்றியிருந்த தரையோடு தரையாக இருந்தது. அப்போது எனக்குப் பசித்தது. வயிற்றைக் கிள்ளுகிற பசி. இப்படி ஒன்று உடம்பில் உண்டு என்பதே மறந்து போயிருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊட்டுல சாமைச்சோறு ஆக்கியிருக்குதுங்க அக்கா. மேடம், நீங்களும் வாங்க" என்றாள் அவள்.

போனோம். அதிகாரி சாட்சிப் பத்திரத்தை அவர்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதி முடித்தார். அடுத்த நிலத்துக்காரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பட்டா இன்னும் உங்கள் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள், நான் தாலுகா ஆபீஸில் சொல்லி வைக்கிறேன் என்றார். சாமைச்சோற்றுக்கு அவரைக்காய்க் குழம்பு. நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த காட்டுக்காரர் எங்களோடு உட்காராமல் வெளியே மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. மனு மேலே போய், திட்டம் முடிந்துவிட்டது, இனிப் புதிய பெயர் சேர்க்க வழியில்லை என்ற பதிலோடு திரும்பி வந்தது. அதிகாரி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் எதிர்பார்த்ததுதானுங்க என்றாராம் இவர். என் வீட்டுக்காரர் கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். திருத்திய பட்டியலைப் பஞ்சாயத்தில் மறுபடியும் ஒட்டினார்கள். அதில் அவர் பெயர் இருந்த இடத்தில் அடுத்தவர் பெயர் மேலே ஏறியிருக்கிறது என்று கொழுந்தனார் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றில்லை. அந்த வாரம் மிளகுக் கொடிக்குக் கட்டுப் போடுகிற வேலை இருந்தது.

ஐப்பசியில் மகள் வந்தாள். தீபாவளிக்கு லீவு கிடைத்திருந்தது. இரண்டு பேரும் சமையற்கட்டில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது, போலீஸ்காரர் அன்னாசி தின்ற கதையை அவளிடம் சொன்னேன். அவள் கேள்விப்பட்டதே இல்லை. லத்தியை எந்தக் கக்கத்தில் வைத்திருந்தார் என்று கேட்டாள். அது தெரியவில்லையே என்றேன். முறுக்கு அச்சை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளே நடித்துப் பார்த்தாள். இடது பக்கமாகத்தான் இருக்கும், வலது கையில்தானே பழம் என்றாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றேன். எண்ணெய் காய்ந்துவிட்டது, முதல் முறுக்கைப் போட்டேன்.